யாருடைய நடைக்கு யார் நடப்பது?



காட்டு வேலை ஓய்ந்து, பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை வாய்க்கும் நாட்களில், நம் வாலிபர் மன்றத்தாரும் மாதர் சங்கத்தாரும் ஒரு நாள் பயணமாக எங்காவது போய் வரலாம் என்று யோசிப்பது வழக்கம். கடலுக்குப் போகலாம் என்பவர் சிலர். மலைக்குப் போகலாம் என்பவர் பலர். இதில் ஆச்சரியமில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசலும் கண்மாயும் பனையும் சீமைக்கருவேலுந்தான். குண்டாற்றில் வருஷத்தின் பெரும்பகுதி மணலைத்தான் பார்க்கிறோம். மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கம் போனால்தான் மலை என்று சொல்லத்தக்க மலை கண்முன் எழும்புகிறது. சமவெளியில் பிறந்தவனுக்கு உயரத்தின்மேல் ஓர் ஏக்கம் இருக்கத்தான் செய்யும்.

மலைக்குப் போவது என்று தீர்மானமானவுடன் ஒரு வழக்கு எழும்புகிறது. இளவட்டங்கள் சொல்வார்கள்: "நடக்க முடிந்தவர்களை மட்டும் கூட்டிப் போவோம். பாட்டிமாரையும் பிள்ளைக்குட்டிகளையும் சேர்த்தால் பாதி மலைகூட ஏற முடியாது." பெரியவர்கள் சொல்வார்கள்: "அதெப்படி? ஒரே பங்குக் குடும்பத்தார் நாம். போனால் எல்லாரும் சேர்ந்து போவோம், இல்லையேல் ஒருவரும் போக வேண்டாம்." இருவர் பேச்சிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. எது சரி?

இது வெறும் பயண ஏற்பாட்டைப் பற்றிய சில்லறைக் கேள்வி என்று தள்ளிவிட வேண்டாம். வலியவரும் எளியவரும் சேர்ந்து வாழ்கிற எந்த இடத்திலும் இதே கேள்வி உண்டு. வேகமாகப் படிக்கிற பிள்ளையும் மெதுவாகப் படிக்கிற பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். சம்பாதிக்கிற மகனும் படுக்கையில் கிடக்கிற தகப்பனாரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். யாருடைய நடைக்கு யார் நடப்பது? மலையில் இந்தக் கேள்வி காலாலும் மூச்சாலும் கேட்கப்படுவதால், அங்கே வைத்து அதைச் சற்று ஆராய்வோம்.

முதலாவது, மனிதருடைய பலம் சமமானதல்ல. இதை ஒப்புக்கொள்வது அவமரியாதை அன்று, உண்மையை ஒப்புக்கொள்வதே. மதிப்பில் எல்லாரும் சமம் என்பது ஒன்று. மூச்சிலும் முழங்காலிலும் எல்லாரும் சமம் என்பது வேறொன்று. தறியில் உட்கார்ந்து நாள் முழுவதும் உழைக்கிறவருடைய பலம் ஒருவகை. பனையேறியின் பலம் வேறுவகை. இரண்டு குடம் தண்ணீரை இடுப்பிலும் தலையிலும் சுமந்து வருகிற தாயின் பலம் இன்னொரு வகை. எல்லாரையும் ஒரே கோலால் அளந்து, "சேர்ந்தேதான் ஏற வேண்டும்" என்று கட்டாயப்படுத்துவது சமத்துவம்போல் தோன்றினாலும், உள்ளபடி எளியவர் தலையில் வலியவருக்குரிய பாரத்தை ஏற்றுவதேயாகும்.

நம் சம்சாரிகள் இதை நன்றாக அறிவார்கள். ஒரு மாடு வலியதாகவும் மற்றது சற்றே இளைத்ததாகவும் இருந்தால் என்ன செய்கிறார்கள்? இளைத்த மாட்டை அடித்துத் துரத்துவதில்லை. ஏர்க்காலை நுகத்தடியின் நேர்நடுவில் கட்டாமல், வலிய மாட்டின் பக்கமாகச் சற்றுத் தள்ளிக் கட்டுகிறார்கள். அப்போது பாரத்தில் பெரும்பங்கு வலியதன்மேல் விழுகிறது. உழவு ஒன்றே, சால் ஒன்றே. பாரம் மட்டும் பலத்துக்கேற்றபடி பங்கிடப்படுகிறது. இதைவிட நேர்த்தியான நீதிப் பாடம் எந்தப் பள்ளிக்கூடத்தில் கிடைக்கும்?

மலைத் தலங்களை ஏற்படுத்தியவர்களும் இதை அறிந்திருந்தார்கள். நம் பக்கத்து ஜனங்கள் கூட்டங்கூட்டமாக நடந்து போகிற பழனியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே செங்குத்தான படிவழி ஒன்று. சுற்றிச் சுற்றி மெதுவாக ஏறுகிற யானைப்பாதை ஒன்று. 1966-ல் இழுவை ரயிலும் 2004-ல் ரோப் காரும் சேர்ந்தன. வழிகள் வேறு, உச்சி ஒன்றுதான். சென்னையில் நம்முடைய பரங்கிமலைக்கும் அப்படியே. ஆர்மீனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான் 1726-ல் கட்டிய படிகள் ஒரு பக்கம். வண்டி போகிற சாலை மறுபக்கம். படியேறி வந்தவரும் வண்டியில் வந்தவரும் மேலே ஒரே பீடத்தின் முன்தான் மண்டியிடுகிறார்கள். இன்னும் ஒன்று. நம் திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமண மகரிஷி 1896-ல் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்து, 1950-ல் காலமாகும்வரை அந்த மலையை விட்டு அகலவில்லை. அந்த மலைக்குப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அதன்மேல் ஏறுவதில்லை. 14 கிலோமீட்டர் சுற்றி நடந்து திரும்புகிறார்கள். உச்சியைத் தொடாததால் அவர்களுடைய பயணம் வீணாயிற்று என்று யாரும் சொல்வதில்லை.

ஆகையால், ஒரு கூட்டத்தைப் பலத்துக்கேற்ப இரண்டு மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவை உச்சிக்கும், ஒரு பிரிவைப் பாதி மலைக்கும், ஒரு பிரிவை அடிவாரத்து ஓடைக்கரைக்கும் அனுப்புவதில் குற்றம் ஒன்றுமில்லை. அது நீதியே, பிறர் சிநேகமுமாகும்.

ஆனால், இந்தப் பிரிவினையோடு இரண்டு தீமைகள் கூடவே நுழைகின்றன.

ஒன்று, வழியைப் பிரிக்கப்போய் மனிதரைத் தரம் பிரிப்பது. "எளிது, நடுத்தரம், கடினம்" என்பன பாதைக்கு இட்ட பெயர்கள். ஆளுக்கு இட்ட பெயர்கள் அல்ல. ஆனால் நம் நாக்கு சும்மா இருப்பதில்லை. எளிய பாதைக்குப் பெயர் கொடுத்த இளைஞனைப் பார்த்து, "என்னடா, கிழவிகளோடு போகிறாயாக்கும்?" என்று ஒருவன் கேட்பான், நாலு பேர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பின் விலை என்ன தெரியுமா? அதைக் கேட்ட இன்னொருவன், தனக்கு இளைப்பு வியாதி உண்டென்பதை மறைத்துக் கடினமான பாதைக்குப் பெயர் கொடுக்கிறான்.

இதுவே இரண்டாவது தீமை: எளியவர் தம் பலவீனத்தை மறைப்பது. நெஞ்சுவலி உள்ளவர், சர்க்கரை வியாதிக்காரர், முழங்கால் தேய்ந்தவர், மூச்சுத் திணறல் உள்ளவர் ஆகியோர் அதை மறைத்து ஏற்றத்துக்குப் புறப்பட்டால், அது தம் உயிரோடு விளையாடுவது மட்டுமல்ல. கூட வருகிறவர்கள் அறியாமலே அவர்கள்மேல் ஒரு பாரத்தைச் சுமத்துவதுமாகும். ஆகவே உண்மையைச் சொல்வது எளியவருடைய கடமை. ஆனால் அவர் கூசாமல் உண்மையைச் சொல்லக்கூடிய இடமாகக் கூட்டத்தை வைத்திருப்பது வலியவருடைய கடமை. இரண்டில் பெரியது பிந்தியதே என்பது என் கருத்து. ஏனெனில், கேலி செய்கிற வாய்கள் பல. வெட்கப்படுகிற ஆளோ ஒருவர்.

கூட்டிப் போகிறவருக்கும் ஒரு கடமை உண்டு. பாதையைப் பற்றிய உண்மையை அவர் மறைக்காமல் சொல்ல வேண்டும். "பக்கந்தான், சும்மா நடந்து விடலாம்" என்று ஆசை காட்டி ஆள் சேர்ப்பது மகா தவறு. வில்லியம் நேஸ்மித் என்கிற ஸ்காட்லாந்து தேசத்து மலையேறி 1892-ல் ஒரு கணக்குச் சொன்னார். 3 மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடி உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். இதன்படி நம் கரிசல் காட்டில் இரண்டு மணியில் முடிகிற 6 மைல் நடை, 3,000 அடி ஏற்றமுள்ள மலையில் மூன்றரை மணியாகிறது. அதுவும் திடகாத்திரமானவருக்கு, நிற்காமல் நடந்தால். வெயிலில், சோற்று மூட்டையோடும் பிள்ளைகளோடும் போகிறவர்கள் இதைப்போல் ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ நேரம் வைத்துக்கொண்டாலும் தகும். இறங்குவது எளிது என்று எண்ணுவதும் பிசகு. ஏறும்போது மூச்சு சோதிக்கப்படுகிறது; இறங்கும்போது முழங்கால் சோதிக்கப்படுகிறது. களைத்த கால்தான் இறக்கத்தில் சறுக்குகிறது.

இனி, புறப்பட்டபின் நடப்பதைப் பார்ப்போம். எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும் ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர் கடைசியாகத்தான் வருவார். இது தவிர்க்க முடியாதது. அப்போது என்ன நடக்கிறது? முன்னே போகிறவர்கள் ஒரு நிழலில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். தண்ணீர் குடித்து, வேர்வை ஆற்றி, கதை பேசுகிறார்கள். கடைசி ஆள் மூச்சு வாங்க வந்து சேர்கிறார். வந்ததும், "எல்லாரும் வந்தாச்சு, கிளம்புவோம்" என்று எழுந்து விடுகிறார்கள்! காத்திருந்தோம் என்கிற திருப்தி அவர்களுக்கு. ஆனால் யோசித்துப் பாருங்கள்: இளைப்பாறுதல் யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே அது கிடைக்கவில்லை. யாருக்குத் தேவையில்லையோ அவர்களுக்கு நிறையக் கிடைத்தது. நல்ல மனதோடேயே ஓர் அநீதி நடந்துவிட்டது.

இது மலையில் மட்டுமா நடக்கிறது? வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின் உட்காருகிற தாய்க்கு, அவள் உட்கார்ந்த மாத்திரத்தில் அடுத்த வேலை வந்து விடுகிறதல்லவா? வகுப்பில் கணக்கைக் கடைசியாக முடிக்கிற பிள்ளை தலை நிமிருமுன் அடுத்த கணக்கு பலகையில் ஏறிவிடுகிறதல்லவா? காத்திருப்பது வேறு, கூட நடப்பது வேறு. கடைசி ஆள் வந்து சேர்ந்த நேரத்திலிருந்துதான் ஓய்வைக் கணக்கிட வேண்டும்.

ஆதியாகமத்தில் இதற்கு அழகான திருஷ்டாந்தம் ஒன்று உண்டு. இருபது வருஷம் கழித்துச் சொந்த தேசம் திரும்புகிற யாக்கோபை அவருடைய தமையன் ஏசாவு நானூறு ஆட்களோடு எதிர்கொண்டு வந்து, கூடவே நடக்கலாம் வா என்று அழைக்கிறார். யாக்கோபு இணங்கவில்லை. பிள்ளைகள் இளசுகள், மந்தையில் பால் கொடுக்கிற ஆடுமாடுகள் இருக்கின்றன, ஒரே நாள் விரட்டி ஓட்டினாலும் அவை மடிந்துபோம், ஆகையால் நீர் முன்னே போம், நான் அவைகளின் நடைக்கேற்ப மெதுவாக வருகிறேன் என்கிறார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. முந்திய இரவுதான் அவருக்குத் தொடைச் சந்து பிசகி, நொண்டி நடக்கும்படி ஆயிற்று. தன் காலில் வலி கண்டவருக்குப் பிறர் காலின் அருமை சட்டென்று புரிந்தது போலும்! அன்றியும், ஏசாவின் கூட்டமும் யாக்கோபின் கூட்டமும் அங்கே சண்டையின்றிப் பிரிந்தன. வேறு வேறு நடையுள்ளவர்கள் தொடக்கத்திலேயே பேசிப் பிரிந்துகொள்வது சிநேகத்துக்கு விரோதமன்று என்பதற்கும் இதுவே சாட்சி.

இப்போது கடினமான கேள்விக்கு வருவோம். பாதி மலையில் ஒருவர், "இனி என்னால் முடியாது" என்று உட்கார்ந்து விடுகிறார். அவர் ஒருவருக்காகப் பத்துப் பேர் உச்சியை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டுமா? அதுவும், தம் வியாதியை மறைத்து வந்தவராக இருந்தால்? "அவர் செய்த தப்புக்கு நாங்களா தண்டனை அனுபவிப்பது?" என்று கேட்பவர்கள் உண்டு.

இதில் இரண்டு காரியங்களைப் பிரித்தறிய வேண்டும். மறைத்தது அவருடைய குற்றம்; சந்தேகமில்லை. ஆனால் ஒருவருடைய குற்றம் அவருடைய தேவையை இல்லாமல் ஆக்கிவிடாது. தன் தவறால் கிணற்றில் விழுந்தவனுக்கும் கயிறு போடத்தான் வேண்டும். கணக்குப் பார்ப்பதைக் கரையேறியபின் வைத்துக்கொள்ளலாம். மேலும், சேர்ந்து புறப்படுவதே வாய்விட்டுச் சொல்லாத ஒரு வாக்குறுதி. சந்தையில் தற்செயலாகப் பக்கத்தில் நடப்பவருக்கும், "வா, சேர்ந்து போவோம்" என்று அழைத்து வந்தவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முன்னவருக்கு உதவுவது சிநேகத்தின் கடமை. பின்னவருக்கு அது நீதியின் கடமையுமாகிறது. ஏனெனில், நம்மை நம்பித்தான் அவர் அந்தக் காட்டுக்குள் வந்தார்.

எனவே, அவரைத் தனியே விட்டுப் போவதற்கு எந்தச் சாக்கும் செல்லாது. எல்லாரும் திரும்ப வேண்டியதில்லை. ஆனால் வழி தெரிந்தவரும் திடமானவருமாக இருவரேனும் அவரோடு இறங்க வேண்டும். அப்படி இறங்குகிற அளவுக்கு ஆளில்லாத சிறு கூட்டமானால் எல்லாரும் திரும்புவதே முறை. பிரிவது எப்போது என்பதுதான் இங்கே முழு வித்தியாசம். புறப்படுமுன் பேசிப் பிரிவது விவேகம். வழியில் விட்டுப் பிரிவது கைவிடுதல்.

இவை வெறும் வாதங்கள் அல்ல, உயிர் சம்பந்தமானவை. ஆடி அமாவாசைக்கு நம் பக்கத்தாரும் திரளாகப் போகிற சதுரகிரி மலையையே பாருங்கள். தாணிப்பாறையிலிருந்து வழுக்குப்பாறை, கோரக்கர் குகை என்று பல மணி நேர ஏற்றம், இடையிடையே ஓடைகள். 2015-ஆம் ஆண்டு மே மாதம் மேலே பெய்த மழையால் ஓடைகளில் திடீர் வெள்ளம் வந்து, யாத்திரிகர் சிலர் உயிரிழந்தார்கள். நீர் வடியும்வரை கரையில் காத்திருக்கப் பொறுமையும், திரும்பிவிடத் துணிவும் மலையில் எவ்வளவு அவசியம் என்பதை நாம் மறக்கலாகாது.

2018 மார்ச் 11-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தேனி மாவட்டத்துக் குரங்கணியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. 23 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் இளம் வயதினர். வார விடுமுறையைச் சந்தோஷமாகக் கழிக்க வந்தவர்கள். இறந்தவர்கள்மேல் குற்றம் சுமத்த இதை நான் எழுதவில்லை. அது நமக்குத் தகாது. இருக்கிற நாம் கற்க வேண்டியதைக் கற்றுக்கொள்வதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. கோடையில் காய்ந்த புல்மேட்டில் காற்றோடு சேர்ந்த தீ சரிவில் மேல்நோக்கி ஓடினால், மனிதன் ஓடித் தப்புவது அரிது. அப்படிப்பட்ட வேளையில் ஒரு கூட்டத்தின் வேகம் அதிலுள்ள வலியவனின் வேகமல்ல. மிகவும் எளியவனின் வேகமே.

அந்த விபத்துக்குப்பின் அதே வருஷம் அரசாங்கம் மலையேற்றத்துக்கென்று விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை மூலமாக, 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றை எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து, மலையோர ஊர்களின் வாலிபர்களையே பழக்கி வழிகாட்டிகளாக வைத்து ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. 2025-ல், தீப்பிடிக்கும் காலமான பிப்ரவரி நடு முதல் ஏப்ரல் நடு வரை அந்தப் பாதைகளை மூடி வைத்தார்கள். "காசும் கொடுத்து, அனுமதியும் வாங்கி, வழிகாட்டியையும் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டுமா?" என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அந்தச் சட்டத்தின் பின்னால் 23 குடும்பங்களின் கண்ணீர் இருக்கிறது என்பதை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும்.

விவேகம் கோழைத்தனம் என்று எண்ணும் வாலிபர்களுக்கு ஒரு சரித்திரச் செய்தி. 1922-ல் 11-ஆம் பத்திநாதர் என்னும் பெயரோடு பாப்பரசரான அக்கில்லே ராத்தி சுவாமியார், தம் வாலிபத்தில் பேர்போன மலையேறி. 1889-ஆம் வருஷம் ஜூலை மாதம், தமது 32-ஆம் வயதில், ஆல்ப்ஸ் மலைத்தொடரிலுள்ள மோந்தே ரோசாவின் கிழக்கு முகம் வழியாக, 4,634 மீட்டர் உயரமுள்ள துஃபூர் சிகரத்தை அடைந்தார். ஒரு நண்பரும் அனுபவமுள்ள வழிகாட்டிகளும் உடன் சென்றார்கள்; இரவைக் குறுகிய பாறைத் திட்டொன்றில் உறைபனிக் குளிரில் கழித்தார்கள். இவ்வளவு துணிந்தவர் பின்னாளில் மலையேற்றத்தைப் பற்றி என்ன எழுதினார்? அது கண்மூடித்தனமான துணிச்சலால் ஆகிற காரியமல்ல, விவேகத்தால் ஆகிற காரியம் என்பதே அவர் கருத்து. அதே பாப்பரசர் 1923-ல் மலையேறுவோருக்குப் பாதுகாவலராக ஒருவரை ஏற்படுத்தினார். சிகரம் ஏறிப் பேர் பெற்ற எவரையும் அவர் தேர்ந்துகொள்ளவில்லை. ஆல்ப்ஸ் கணவாய்களில் சத்திரங்கள் கட்டி, பனியில் வழி தவறியவருக்கும் களைத்துப் பின்தங்கியவருக்கும் அடைக்கலம் கொடுத்த அர்ச். பெர்னார்டுவையே தேர்ந்துகொண்டார். இதன் அர்த்தத்தை நம் வாலிபர்கள் தனிமையில் தியானிப்பார்களாக.

முடிவாக, பயணம் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மேற்கு மலை இப்போது புலிகள் காப்பகம். 2021 முதல் அப்படி. ஆகையால் வனத்துறையாரின் அனுமதியின்றி ஓரடியும் வைக்க வேண்டாம். பெயர் எழுதும்போது, "எந்தப் பாதை?" என்று கூட்டத்தின் நடுவில் கேட்காமல் ஒவ்வொருவரையும் தனியே கேளுங்கள், வெட்கம் பாதி குறையும். ஒவ்வொரு பிரிவுக்கும் முன்னால் ஒருவரையும், எல்லாருக்கும் பின்னால் ஒருவரையும் நியமியுங்கள். பின்னால் வருகிறவர் கூட்டத்திலேயே திடமானவராகவும் பொறுமைசாலியாகவும் இருக்கட்டும். திரும்ப வேண்டிய நேரத்தைக் காலையிலேயே குறித்து, அந்த நேரம் வந்ததும் உச்சி பக்கத்தில் தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள். கீழே வந்தபின் மூன்று பிரிவாரும் சேர்ந்தே சாப்பிடுங்கள். உச்சிக்குப் போனவர் அங்கே கண்டதைச் சொல்லட்டும். ஓடைக்கரையில் இருந்தவர் அங்கே கண்டதைச் சொல்லட்டும். இரண்டையும் ஒரே ஆவலோடு கேளுங்கள்.

பயணம் முடிந்து வீடு திரும்பியபின்னும் இந்தப் பாடம் முடிவதில்லை. நம் வீடுகளில் யார் கடைசியாக வருகிறார், அவர் வந்து சேருமுன் நாம் எழுந்து நடந்துவிடுகிறோமா என்று ஒவ்வொரு குடும்பத்தாரும் இந்த வாரத்தில் ஒரு நாள், இரவு ஜெபத்துக்குப்பின், சற்று நேரம் யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.

உங்கள் பங்குச் சுவாமி